ஊமத்தை வேரில் ஏறிய தக்காளி

வேர் என்பது வெறும் பைப் என்று துல்கர்னைன் பாய் வாரத்தில் நாலு பேரிடமாவது சொல்லிவிடுவார். நர்சரிக்கு நாற்று வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். சுண்டைச் செடியின் வேரில் தக்காளியை ஒட்டினால் தக்காளி கசக்காதா? பாய் கையிலிருக்கும் பிளேடைத் துடைத்து வைத்துவிட்டு அவர்களை மோட்டார் ரூம் பக்கம் கூட்டிப்போவார். தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் குழாயைக் காட்டுவார்.

"பைப் கறுப்பு. தண்ணி கறுப்பாவா வருது?"

கேட்டவர் சிரித்துவிடுவார். நான் பில் போட ஆரம்பிப்பேன். அங்கே என் வேலை அதுதான். பில் போடுவது, போன் எடுப்பது, மற்ற நேரங்களில் பாயின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது.

பார்க்க வேண்டிய கைகள். தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் போகிற சாலையில், நிழல்வலை போட்ட இரண்டு கூடாரமும் ஒரு தகரக் கொட்டகையுமாக இருக்கிற அந்த நர்சரியை அந்தக் கைகள்தான் உண்டாக்கின. பாய் இளவயதில் வளைகுடாவுக்குப் போனவர். மற்றவர்கள் கடைக்கும் கம்பெனிக்கும் போக, இவர் மணலுக்கு நடுவில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்க்கிற தோட்டத்தில் மாட்டிக்கொண்டார். அங்கே ஒட்டுக் கட்டப் பழகினார். வேர்ப்பக்கத்துக்கு ஒரு செடி, காய்ப்பக்கத்துக்கு ஒரு செடி. இரண்டும் தீக்குச்சி கனத்தில் இருக்கும்போது இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டி, வெட்டுவாயோடு வெட்டுவாய் பொருத்தி, ஒரு சின்ன சிலிக்கான் கிளிப்பை மாட்டி, ஈரமும் இருட்டுமான கூண்டுக்குள் வைத்துவிட வேண்டும். அந்தக் கூண்டுக்கு நாங்கள் ஐ.சி.யூ. என்று பெயர் வைத்திருந்தோம். பிழைத்தது வெளியே வரும். பாய் ஊர் திரும்பியபோது பெட்டியில் தங்கம் இல்லை, ஒரு பை நிறைய கிளிப்தான் இருந்தது என்று அவருடைய மைத்துனர் முகம்மது சலீம் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

கிளிப் விலை அதிகம். அதனால் ஒட்டு கூடியதும் அதைக் கழற்றி, கழுவி, டப்பாவில் போட்டு அடுத்த நாற்றுத் தட்டுக்கு எடுப்போம். அந்த வேலை இசக்கிமணியுடையது. பாய்க்கு அடுத்தபடி ஒட்டுக் கட்டத் தெரிந்தவள், வாயும் அவரைவிடக் கொஞ்சம் கூடுதல். சுண்டை வேரில் ஏறிய தக்காளி ஈரத்தில் அழுகாமல் நிற்கும், தோல் கெட்டிப்படும், காய் கொஞ்சம் பிந்தி வரும் என்று பாய் விவசாயிகளிடம் அடுக்கும்போது அவள் தலையைத் தூக்காமலே கேட்பாள்: பைப்புக்கு இவ்வளவு வேலை தெரியுமா பாய்? தக்காளியைத் தலையில் சுமக்கிற சுண்டை வேரும் மரமாகப் பருக்காமல் ஒடுங்கியே கிடக்கும், அதை அவரே எங்களுக்குப் பிடுங்கிக் காட்டியிருக்கிறார். மேலே இருப்பது கீழே இருப்பதை மாற்றும், கீழே இருப்பது மேலே இருப்பதை மாற்றும். கண்ணால் பார்த்திருந்தார். ஆனால் விற்கிற இடத்தில் பைப் கதைதான் சுளுவாக இருந்தது. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த வருஷம் பங்குனியில் சுண்டை விதை சரியாக முளைக்கவில்லை. உச்சிமாகாளி அக்கா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த தக்காளி நாற்று நின்றுபோனது. அக்காவுக்குச் சுந்தரபாண்டியபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். குத்தகை நிலம், மகள் அபி, வேறு ஆள் இல்லை. போன தடவை அவள் போட்ட தக்காளி முழுக்க வேர்முடிச்சு விழுந்து வாடிப்போயிருந்தது. ஒட்டு நாற்று இல்லாவிட்டால் அந்த மண்ணில் தக்காளி கிடையாது.

வாய்க்கால் ஓரத்தில் ஊமத்தை மட்டும் எந்தப் பூச்சிக்கும் மசியாமல் தழைத்து நின்றது. பாய் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் நடந்தார். பிறகு அதன் விதையைப் போட்டு, ஒரே ஒரு தட்டு, தக்காளியை அதன்மேல் ஒட்டினார். அடையாளத்துக்கு நீலக் கிளிப். ஐ.சி.யூ.வில் ஒன்றுகூடச் சாகவில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதில் இரண்டு செடியைப் பெயிண்ட் வாளியில் நட்டு வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். மிச்சத்தை நர்சரியிலேயே காய்க்கவிட்டுப் பார்ப்பது என்று திட்டம்.

அவர் கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம் உச்சிமாகாளி அக்காவின் டெம்போ வந்துவிட்டது. முளைத்த சுண்டையில் கட்டிய தட்டுகள் கொஞ்சம் குறைந்தன. நீலக் கிளிப்பெல்லாம் அதற்குள் கழுவி டப்பாவுக்குப் போயிருந்தது. இருந்ததிலேயே செழிப்பான தட்டைத் தூக்கி இசக்கிமணி வண்டியில் வைத்தாள். பாய் திரும்பி வந்து கேட்டார். அவள் சொன்னாள். அவர் முகம் ஒரு நிமிஷம் யோசனையாக இருந்தது. பிறகு கையை உதறினார்.

"சரி விடு. அதுவும் பைப்தான."

ஆடி பிறந்து சாரல் கட்டியது. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. ஒரு நாள் மாலை உச்சிமாகாளி அக்கா போன் செய்தாள். செடி நிற்கிற அழகை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது, நாளைக்கு முதல் பறிப்பு, முதல் பறிப்பு எப்போதும் முப்பிடாதி அம்மனுக்குத்தான், இந்தத் தடவை கோயில் கொடைத் திருவிழாவும் அதே நாளில் வந்திருக்கிறது, அவ்வளவும் அன்னதானத்துக்குப் போகிறது, பாய் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாள். பாய் வருஷாவருஷம் அந்தக் கொடைக்குப் போகிறவர்தான். வருகிறேன் என்றார்.

மறுநாள் காலை பத்து மணிபோல சலீமிடமிருந்து போன். வீட்டில் அக்காவுக்கு, பாயின் மனைவிக்கு, என்னமோ பண்ணுகிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், நேராக வாருங்கள். பாய் பைக் சாவியை என்னிடம் நீட்டினார். நீ ஓட்டு என்றார்.

பாயின் மனைவி ஜாஹிரா பீவி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். முகம் சிவந்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது. இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே நூலை உதட்டில் வைத்து நனைத்தார்கள். பாயைப் பார்த்ததும், ரிஃபாத் எவ்வளவு நேரமாக நிற்கிறான், அவனுக்குத் தண்ணி கொடுங்கள் என்றார்கள். ரிஃபாத் அவர்களுடைய மகன். ஷார்ஜாவில் இருக்கிறான்.

டாக்டரம்மா டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்ணில் கருமணியைத் தவிர வேறு நிறமே இல்லை. வெளிச்சம் பட்டும் அது சுருங்கவில்லை.

"ஊமத்தை ஏதாவது சாப்பிட்டாங்களா? நாட்டு மருந்து, கஷாயம், அந்த மாதிரி?"

இல்லை என்றார் சலீம். காலையில் இட்லிதான். மாடியில் தக்காளி பழுத்திருக்கிறது என்று பறித்துவந்து பச்சையாகச் சட்னி அரைத்தார்கள், அவ்வளவுதான். பாய் அதிகாலையிலேயே நர்சரிக்கு வந்துவிட்டதால் அவர் சாப்பிடவில்லை.

பாய் டாக்டரம்மாவிடம் அந்தத் தக்காளியின் வேர் எது என்று மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஊமத்தையின் விஷம் வேரில்தான் உற்பத்தியாகி மேலே ஏறும், தக்காளித் தலைக்கு அதைத் தடுக்கத் தெரியாது என்றார். ஊசி போட்டாயிற்று, பயப்பட வேண்டாம், தெளிய ஒன்றிரண்டு நாள் ஆகும், கண் தெளிய இன்னும் ஆகும் என்றார். பாய் அதைக் கேட்டாரா தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் கொடைலா" என்றார் என்னிடம்.

மனைவியின் கையிலிருந்து இல்லாத ஊசியை வாங்கி மேசைமேல் வைக்கிறவர்போல வைத்தார். சலீமைப் பக்கத்தில் உட்காரவைத்தார். ரிஃபாத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

உச்சிமாகாளி அக்கா போனை எடுக்கவில்லை. கொடைக்குப் போயிருந்த இசக்கிமணியும் எடுக்கவில்லை. மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் எந்தப் போன் கேட்கும்? நான் வண்டியை விரட்டினேன். சாரல் ஊசியாக முகத்தில் குத்தியது. சுந்தரபாண்டியபுரத்தை நெருங்கும்போது சூரியகாந்தி பூத்திருந்தது. போட்டோ எடுக்க வந்தவர்கள் சாலையின் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டு வயலுக்குள் இறங்கியிருந்தார்கள். ஒரு கல்யாண ஜோடி சாலையின் நடுவில் குடையோடு நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். பாய் என் தோளைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறுகியது.

கோயிலுக்கு முன்னாலேயே உச்சிமாகாளி அக்காவைப் பிடித்துவிட்டோம். புதுச் சேலையில் பூத்தட்டோடு வந்துகொண்டிருந்தாள். பாய் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். எது ஊமத்தைச் செடி, எது சுண்டைச் செடி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முழுத் தோட்டத்திலும் கலந்து பறித்து, கலந்து பெட்டியில் போட்டு, கலந்து அண்டாவுக்குப் போயிருந்தது. அபி முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் அவள் சொன்னாள். பிறகு பாயின் முகத்தைப் பார்த்தாள், அவர் தாடியைப் பார்த்தாள், கோயில் வாசலில் நிற்கிற இளவட்டங்களைப் பார்த்தாள்.

"நீங்க வாயத் தொறக்காதிய பாய். மருந்தடிச்சு ஆறுததுக்குள்ள பறிச்சிட்டேன்னு நான் சொல்லிக்கிடுதேன். என்னைய நாலு ஏச்சு ஏசுவாவ, போயிரும். நீங்க போயி கொடைச் சோத்துல விஷம்னு சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்."

பாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "மருந்துன்னா கழுவிட்டோம்பாவ. கொதிச்சிட்டும்பாவ. எலையில ஊத்திருவாவக்கா."

செருப்பை வாசலிலேயே கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

கோயிலுக்குப் பின்னால் தகரப் பந்தலில் சமையல். சாம்பார் இறங்கியிருந்தது. ரசம் பெரிய அண்டாவில் நுரை கட்டிக்கொண்டிருந்தது. சமையல்காரர் மணிமுத்து கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இலை போட்டு, அவியல் வைத்து, சோறும் விழுந்துவிட்டது. சாம்பார் வாளிகளை ஆட்கள் தூக்கத் தயாராக நின்றார்கள். கோயில் நிர்வாகி சங்கரநாராயணன் தோளில் துண்டோடு மேற்பார்வை பார்த்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஊருக்கே ஏட்டையா.

பாய் வாளிக்கும் பந்திக்கும் நடுவில் போய் நின்றார்.

"ஏட்டையா, சாம்பாரும் ரசமும் எலைக்குப் போவக் கூடாது. அந்தத் தக்காளியில வெசம் இருக்கு. நான் ஒட்டுன செடி. அடியில ஊமத்தை வேரு."

மேளம் அடங்கிய நேரம் அது. சொன்னது நன்றாகவே கேட்டது. வாளியைப் பிடித்திருந்தவன் கையை எடுக்கவில்லை. பந்தல் ஓரத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். பாயின் முகம் அந்தக் கண்ணாடிக்குள் போய்விட்டது, இனி சாயங்காலத்துக்குள் எந்தெந்தக் குரூப்பில் எந்தெந்த வாசகத்தோடு அலையுமோ.

ஏட்டையா அவசரப்படவில்லை. "தக்காளியில ஊமத்தை எங்கன வந்துச்சுவே?"

"வேர்ல இருந்து."

"வேரு பைப்பு. நீருதான மோட்டார் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி எனக்குக் காட்டுனீரு. நானும் வீட்டுக்குப் பத்து நாத்து வாங்கிட்டு வந்தேன்."

"தப்பாச் சொல்லிட்டேன் ஏட்டையா."

மணிமுத்துக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து ருசி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று, நான் செத்தா கிடக்கிறேன் என்றார். பந்தியிலிருந்து ஒரு கிழவர், சாம்பாருக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சத்தம் கொடுத்தார். செல்போன் பிடித்தவன், சாமி சோத்தைக் கெடுக்கவென்றே வந்திருக்கிறார் என்று பக்கத்திலிருப்பவனிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். உச்சிமாகாளி அக்கா முன்னால் வந்து, என் காய்தான், நானே சொல்லுகிறேன், நிறுத்துங்கள் என்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. வாளிக்காரன் ஏட்டையாவின் முகத்தைப் பார்த்தான். ஏட்டையா பாயின் முகத்தைப் பார்த்தார்.

பாய் தன் போனை எடுத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய வீட்டுப் பெண்களின் படம் ஒருவருடைய போனிலும் இருக்கக் கூடாது என்பதில் அவர் அத்தனை பிடிவாதம். ரிஃபாத் அம்மாவோடு எடுத்துப் போட்ட ஒரு பெருநாள் படத்தைக்கூட அழிக்கச் சொல்லி, அதற்காக இரண்டு மாதம் அப்பனும் மகனும் பேசாமல் இருந்தார்கள். அவர் சலீமை வீடியோவில் கூப்பிட்டார்.

"அக்காவக் காட்டு."

சலீம் தயங்குவது தெரிந்தது. பின்னாலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"காட்டுலே."

பாய் போனை ஏட்டையாவின் பக்கமாக நீட்டிவிட்டுத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையில் ஜாஹிரா பீவி முக்காடு நழுவியது தெரியாமல் நூல் கோத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து நேராகப் பார்த்தார்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்திலும் கண் முழுக்கக் கறுப்பு.

ஏட்டையா போனைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு திரையை உள்ளங்கையால் மூடினார்.

"ரயில்வே போலீஸ்ல இருக்கும்போது இந்தக் கண்ணப் பாத்திருக்கேன். பிஸ்கட்டுல ஊமத்தைய வச்சுக் குடுத்து நகைய உருவிட்டு எறங்கிருவானுவ. ஆளு முழிச்சிக்கிட்டே இருக்கும். உள்ள ஆளு இருக்காது." செல்போன் தூக்கியவனிடம் திரும்பினார். "ஏலே, அத உள்ள வையி. அந்தப் பொம்பளைய எடுத்திருந்தா இப்பமே அழி."

பிறகு மணிமுத்துவைப் பார்த்து, அடுப்பை அணைக்கச் சொன்னார்.

பந்தியில் சோறும் அவியலும் மோரும் மட்டும் போனது. என்ன கொடை இது என்று முனகிக்கொண்டே சாப்பிட்டார்கள். பின்னால் தென்னைக்கு அடியில் குழி தோண்டி ரசத்தை ஊற்றும்போது மணிமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஏட்டையா சாயங்காலம்வரை வந்து வந்து கண்ணைப் பார்த்தார். மணிமுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ருசி பார்த்த அளவு சின்னது என்பதாலா, அத்தனை தக்காளியில் ஊமத்தைப் பழம் கரைந்துபோனதாலா, யாருக்கும் தெரியாது. ஊரில் பாதிப் பேர் பாய் நல்ல ரசத்தை மண்ணில் ஊற்றவைத்தார் என்றார்கள். மீதிப் பேர் கும்பிட்டார்கள். பாய் இரண்டையும் கேட்க அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஆனால் செய்தி அதற்கு முன்னாலேயே பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டது. ஒட்டுத் தக்காளியில் விஷம் என்று ஒரு குரல் பதிவு. அடுத்த பறிப்பை எடுக்க மாட்டோம் என்று கமிஷன் கடையிலிருந்து உச்சிமாகாளி அக்காவுக்குச் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் நாற்று வாங்கியவர்கள் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அது ஒரே ஒரு தட்டு. அதை யார் நம்புவார்கள்?

ஜாஹிரா பீவி வீட்டுக்கு வந்த மறுநாள் பாய் என்னையும் இசக்கிமணியையும் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார். செடிகள் இடுப்பளவு நின்றன. சுண்டையிலும் ஊமத்தையிலும் ஏறியவை மேலே ஒரே மாதிரி. அதே இலை, அதே பூ, அதே சிவப்பு. ஒட்டுக்குக் கீழே, மண்ணுக்கு மேலே, விரல் நீளம் தெரிகிற அடித்தண்டில்தான் வித்தியாசம். சுண்டைத் தண்டு சொரசொரவென்று இருக்கும், எங்கேயாவது ஒரு முள் குத்தும். ஊமத்தைத் தண்டு வழவழவென்று இருக்கும், கீறினால் நாறும். அடியில் துளிர் விட்டிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அடித்துளிரை அன்றாடம் கிள்ளிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவர் பாய். உச்சிமாகாளி அக்கா ஒன்றையும் விட்டுவைத்திருக்கவில்லை.

பாய் சேற்றில் மண்டியிட்டு ஒவ்வொரு செடியாகத் தடவிக்கொண்டு போனார். வழவழப்புப் பட்டதைப் பிடுங்கினார். பிடுங்கியது எல்லாவற்றிலும் பழம் குலைகுலையாகத் தொங்கியது. அவர் முடித்த வரிசையை இசக்கிமணி எதிர்ப்பக்கமிருந்து மறுபடி தடவினாள். அவள் அன்று ஒரு கிண்டலும் செய்யவில்லை. கடைசியில் பிடுங்கியதைக் குவித்து எரிக்கப் பார்த்தோம். ஈரத்தில் எரியவில்லை. குழி வெட்டி மூடினோம்.

மிச்சத் தோட்டம் அப்படியே நின்றது. பழம் வெடிக்கிற பதத்தில் இருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் உதிரும். வரப்பில் ஏட்டையா நின்றார். அவர் சொல்லி வரவழைத்திருந்த கமிஷன் கடை ஆள் ஒருவரும் நின்றார், வண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் இறங்கியவர்போல.

உச்சிமாகாளி அக்கா பாயின் எதிரில் வந்து நின்றாள். "மிச்சத்த நான் விக்கலாமா, வேண்டாமா? மோட்டார் ரூம் கதை வேண்டாம் பாய்."

பாய் சேற்றுக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாதவர்போல ஒரு நிமிஷம் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு தன் வேட்டியிலேயே துடைத்தார். "முள்ளு இருந்தா சுண்டை. சுண்டைக்காய நாம கொழம்பு வச்சே திங்கோம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

"ஒண்ணு விட்டுப்போயிருந்தா?"

பாய் திரும்பித் தோட்டத்துக்குள் போனார். வரிசைக்கு ஒன்றாக, எந்தச் செடியென்று தேர்ந்தெடுக்காமல், பழுத்ததைப் பறித்துத் துண்டில் போட்டுக்கொண்டு வந்தார். வரப்பில் வேப்பமரத்துக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்தார். உப்பு இல்லாமல், அவசரம் இல்லாமல். சாறு தாடியில் வழிந்தது. இது கோட்டித்தனம், கிறுக்கு வேலை என்றார் ஏட்டையா. உச்சிமாகாளி அக்கா கையைப் பிடிக்கப் போனாள். அவர் அடுத்ததை எடுத்தார்.

வீட்டிலிருந்து போன் வந்தது. ஜாஹிரா பீவிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பாய் ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நான் தெரியாமத் தின்னேன். நீங்க தெரிஞ்சே தின்னுதியளா? தின்னுங்க. இந்தத் தடவ ரிஃபாத்துக்கு நீங்க தண்ணி குடுங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பாய் போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தார்.

பிறகு காத்திருந்தோம். அப்படி ஒரு பகலை நான் உட்கார்ந்து கழித்ததில்லை. சாரல் வந்து நின்றது, மறுபடி வந்தது. பாய் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் வாய் காய்கிறதோ என்று ஐந்து பேரும் திடுக்கிட்டோம். ஒரு தடவை அவர் கையைத் தூக்கிக் காற்றில் எதையோ பிடித்தார். இசக்கிமணி எழுந்தேவிட்டாள். கொசு. கமிஷன் கடை ஆள் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போகாமல் இருந்தார். அபி பள்ளிக்கூடத்திலிருந்து சீருடையோடு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உச்சிமாகாளி அக்கா தோட்டத்தைப் பார்க்கவே இல்லை, பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தூங்கிவிட்டார் என்று ஒரு கட்டத்தில் தெரிந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் அவர் தோளைத் தொட்டேன். என்னலே என்றார். அவ்வளவு தெளிவாக.

வெயில் மேற்கே மலையடிவாரத்தில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வந்தது. ஏட்டையா எழுந்து வந்து பாயின் எதிரில் குந்தினார். கையால் அவருடைய ஒரு கண்ணைப் பொத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். கையை எடுத்தார்.

நாங்கள் எல்லோரும் குனிந்துவிட்டோம். கையின் இருட்டில் பெரிதாக விரிந்திருந்த கருமணி, வெயில் பட்டதும், ஒரு புள்ளியாகச் சுருங்கியது.

ஏட்டையா மற்றக் கண்ணையும் பொத்தினார், எடுத்தார். பிறகு கமிஷன் கடை ஆளைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார். பெட்டி எத்தனை என்று உச்சிமாகாளி அக்காவிடம் கேட்டார்.

"அபி" என்றாள் அக்கா, பாயின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "வெளிச்சம் இருக்கும்போதே போயி பெட்டிய எடுத்துட்டு வா."